ஒடிந்த பிளேடு

மெட்ரோ வாசலில் பைகளைச் சோதிக்கும் காவலர் அவர். நரைத்த முறுக்கு மீசை. எதை எடுத்தாலும் விளக்குக்கு நேரே தூக்கிப் பார்க்கும் பழக்கம்.

அன்று என் ரம்ப பிளேடுகளைத் தூக்கிப் பார்த்தார். மறுநாள் தங்கை கயல்விழிக்கு ஜனக்புரியில் கிரகப்பிரவேசம். அவளுக்காக நான் அறுத்துவந்த மரப் பெயர்ப்பலகையில் ‘ழி’ மட்டும் பாக்கி. அந்தச் சுழிக்குள் திரும்ப மயிரிழை பிளேடுதான் வேண்டும். சீக்கிரம் ஒடியும் என்று கடைக்காரர் எச்சரித்தும் அதையே வாங்கியிருந்தேன்.

“பிளேடு மனா ஹை. விட முடியாது.”

“மரவேலைக்குத்தான் சார்,” என்று இந்தியில் கெஞ்சினேன்.

ஒன்றை எடுத்து இரண்டு விரலால் வளைத்தார். டிக்கென்று ஒடிந்தது.

“அரே! இதை வெச்சு யாரை என்ன பண்ண முடியும்? போங்க, ஜல்தி!” மீதியை என் கையில் திணித்தார்.

போன உயிர் திரும்பி வந்தது. படியிறங்கும்போது திரும்பிப் பார்த்தேன். ஒடிந்த துண்டை அவர் இன்னும் விளக்குக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார்.