எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்த சேலைகள்

போன வாரம் எங்கள் வீட்டில் இரண்டு பேர் பேசிக்கொள்ளவில்லை. எழுதிக்கொண்டார்கள்.

ஒருவன் என் மகன் பாஸ்கர். ஹாலில் லேப்டாப். இன்னொருத்தி என் மருமகள் செல்வி. பெட்ரூமில் லேப்டாப். நடுவில் ஒரு கதவுதான். மெயில் மட்டும் எந்தெந்த ஊரையோ சுற்றிக்கொண்டு அந்தக் கதவைத் தாண்டியது.

இருவருக்கும் ஒரே கம்பெனி. கம்ப்யூட்டருக்கு அடியில் ஓடுகிற கர்னல் என்ற சாஃப்ட்வேரில் வேலை. அதைச் சரிபார்க்கக் குட்டிக் குட்டி டெஸ்ட் எழுதுவார்கள். டெஸ்ட் ஓட மெமரியில் இடம் வேண்டும். அந்த இடத்தை வாங்கித் தரவும், டெஸ்ட் முடிந்ததும் தானாகத் திருப்பிக் கொடுக்கவும் பாஸ்கர் சில ஹெல்பர் எழுதியிருந்தான். ஹெல்பர் என்றால் ஆள் இல்லை. அதுவும் புரோகிராம்தான்.

நான் எட்டாவது வரை. ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் சம்மட்டி பிடித்தவன். இவ்வளவும் சாப்பிடும்போது காதில் விழுந்தது.

அவன் எழுதியதைப் படித்து, சரி என்றால் செல்வி தன் பெயரைப் போட வேண்டும். அதுதான் ரிவியூ. வெள்ளிக்கிழமைக்குள் முடித்துத் தருவதாக மேனேஜரிடம் வாக்குக் கொடுத்துவிட்டான். பெண்டாட்டிதானே, போடாமல் எங்கே போவாள்...

போடவில்லை. சாப்பிடும்போது இருவரும் என் வழியாகத்தான் பேசினார்கள்.

"மாமா, நீங்களே கேளுங்க. ஹெல்பரே கடைசில இடத்தைத் திருப்பிக் கொடுத்துருது. இவரு டெஸ்ட்டுக்குள்ள கையாலயும் ஒரு தடவை கொடுக்காரு. ரெண்டு தடவை எதுக்கு?"

"எதுக்கும் இருக்கட்டும்னுதான்" என்றான் பாஸ்கர். "ஓடுது இல்ல? ஒரு எர்ரரும் வரல. கைக்கு சும்மா இழுக்கறா?" இந்த ஊரில் வளர்ந்தவன், 'எதுக்கு' என்பது அவன் வாயில் உருது கலந்து 'கைக்கு' என்றுதான் வரும்.

"ஓடுது. அதான் பயமா இருக்கு. நடுவுல அந்த இடத்தை வேற யாரும் எடுக்கல, அவ்வளவுதான். எடுத்திருந்தா?"

"அப்பா, நீங்க சொல்லுங்கப்பா."

நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்? நான் சாம்பார் கேட்டேன்.

வியாழக்கிழமை காலை அவன், "இட்லி நக்கோ, வேணாம்" என்று எழுந்துவிட்டான். என் மனைவிக்கு மனசு கேட்கவில்லை.

"ஒரு பேருதானேம்மா. போட்டுத் தொலையேன்."

"பேரு என்னுது அத்தை. அதான்."

அன்று சாயங்காலம் மேகம் கறுத்தது.

எங்கள் அபார்ட்மென்ட் மொட்டை மாடியில் கொடிகள் எல்லாருக்கும் பொது. காலியாக இருக்கும் கொடியில் யாரும் போடலாம். எங்கள் துணியை எடுத்து வந்து மடிப்பது வாட்ச்மேன் மனைவி நர்சம்மா. அது ஏற்பாடு. இருந்தாலும் நான் போனேன். எதற்கும் இருக்கட்டும் என்று.

காலையில் நாங்கள் துணி போட்ட கொடி. அதில் துணி இருந்தது. அள்ளிக்கொண்டு இறங்கினேன். நான் துணியைப் பார்த்து எடுக்கிற ஆள் இல்லை. இடத்தைப் பார்த்து எடுக்கிற ஆள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் பெல் அடித்தது. எதிர் ஃபிளாட் அம்மா.

"அன்னய்யா காரு, மா சீரலு...?"

எங்கள் சேலைகளைப் பார்த்தீர்களா என்று தெலுங்கில் கேட்டுவிட்டு என் தோளைப் பார்த்தார். தோளில் அவருடைய சேலைகள். மேலே ஒரு நைட்டி.

எங்கள் துணியை நர்சம்மா எப்போதோ எடுத்து, மடித்து, பீரோவில் வைத்தாகிவிட்டது. காலியான கொடியில் அந்த அம்மா போட்டிருக்கிறார். கொடுத்தேன். அவர் போனார். சிரிப்பு மட்டும் எதிர் வீட்டிலிருந்து கேட்டது.

பாஸ்கர் தலையில் அடித்துக்கொண்டான்.

"நர்சம்மாதான் எடுத்துடுவாளே. நீங்க கைக்குப்பா போனீங்க?"

"எதுக்கும் இருக்கட்டும்னு."

பெட்ரூம் கதவு திறந்தது. செல்வி என்னைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். கதவில் சாய்ந்து நின்றாள். வாயைத் திறந்திருந்தால் சண்டை இன்னொரு வாரம் போயிருக்கும்.

பாஸ்கர் லேப்டாப்பை இழுத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் தட்டினான்.

"ஹவ்... சரிதான், கையால கொடுக்கறதை எடுத்துட்டேன். பாரு."

மெயிலில் இல்லை. வாயால்.

"அப்பாவுக்கும் பிள்ளைக்கும் ஒரே கை" என்றாள். உட்கார்ந்து வரி வரியாகப் படித்தாள். இன்னொன்றும் கண்டுபிடித்தாள் — கேட்ட இடம் கிடைக்காவிட்டால் டெஸ்ட் என்ன செய்யும் என்று அவன் எழுதவே இல்லை. அவன் முனகினான். எழுதினான். வெள்ளிக்கிழமை மத்தியானம் பெயர் விழுந்தது. ராத்திரி அவன் தட்டில் நெய் தோசையும் விழுந்தது.

கவனம் இல்லாமல் கெட்ட வேலையை ஒர்க்‌ஷாப்பில் நிறையப் பார்த்திருக்கிறேன். கவனம் கூடிப்போய்க் கெட்டதும் உண்டு. அதை யாரும் திட்டுவதில்லை. நல்ல மனசு என்று விட்டுவிடுகிறார்கள். செல்வி விடவில்லை.

சனிக்கிழமை மறுபடியும் மேகம். மாடிக்குப் போனேன். கொடியில் துணி. என் வேட்டி மாதிரிதான் இருந்தது. தொடவில்லை. இறங்கிவிட்டேன். நர்சம்மா அன்று ஊருக்குப் போயிருந்தது எனக்குத் தெரியாது. மழை கொட்டியது.

"துணியெல்லாம் நனைஞ்சுபோச்சு. மாடிக்குப் போனவரு பாக்கலியா?" என்றாள் மனைவி.

"ரிவியூல இருக்கு" என்றேன்.