பள்ளத்தைப் பார்த்து நிறுத்திய ஜீப்

மலையில் ஜீப்பை நிறுத்துவதற்கு ஒரு முறை உண்டு. மூக்கு பள்ளத்தைப் பார்க்க வேண்டும், முன்சக்கரத்துக்கு அடியில் ஒரு கல் இருக்க வேண்டும். ஏன் என்று போடிமெட்டு ஏறி இறங்குகிற எந்த டிரைவரிடமாவது கேட்டால், கேட்டதற்கே சிரிப்பார். சாவியைத் திருப்பி வண்டி கிளம்பாவிட்டால் கல்லை எடுத்துவிட்டு உருளவிட வேண்டியதுதான். இரண்டாவது கியரில் கிளட்சை விட்டால் பத்தடிக்குள் என்ஜின் பிடித்துவிடும். அதனால் பழைய ஜீப் சாவிக்குக் கிளம்பாமல் போவதை எங்கள் பக்கம் யாரும் ஒரு கோளாறாகவே எடுத்துக்கொள்வதில்லை. நானும் இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான் நிறுத்தினேன். என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன் என்று தெரிய அத்தனை வருஷம் ஆயிற்று.

போடிமெட்டைத் தாண்டிக் கேரளப் பக்கம் இறங்கும் சரிவில் எங்களுக்கு நாலு ஏக்கர் ஏலத்தோட்டம். என் வீட்டுக்காரர் இருந்தவரை போடியில் குடியிருந்துகொண்டு இரண்டு பேரும் மேலே போய் வந்தோம். மூன்று வருஷத்துக்கு முன் அவர் போன பிறகு போடி வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தோட்டத்தில் காய் உலர்த்தும் ஸ்டோரை ஒட்டி இரண்டு அறை உண்டு. அங்கேயே வந்துவிட்டேன். காயெடுப்புக் காலத்தில் சிலமலையிலிருந்து ஆறு பெண்கள் வாடகை ஜீப்பில் காலையில் வருவார்கள். மூன்று மணிக்கு அந்த ஜீப் அவர்களை அள்ளிக்கொண்டு போய்விடும். அதற்குப் பிறகு மறுநாள் காலைவரை நான் வாயைத் திறப்பது சோறு தின்ன மட்டும்தான்.

என் ஜீப் என் மகனைவிட இரண்டு வயது மூத்தது. டீசல் வண்டி. ஓடுகிற என்ஜினை நிறுத்தச் சாவி போதாது, ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு குமிழை வெளியே இழுக்க வேண்டும். இழுத்ததை உள்ளே தள்ள மறந்தால் அடுத்த முறை கிளம்பாது. மற்றபடி சொன்னபடி கேட்கிற வண்டிதான், இந்தக் கோளாறு வரும்வரை. சில நாள் சாவியைத் திருப்பியதும் கிளம்பும். சில நாள் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். விளக்கு பளிச்சென்று எரியும், ஹாரன் ஊரைக் கூட்டும், என்ஜினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டார் மட்டும் அசைந்து கொடுக்காது. அப்போதெல்லாம் கல்லை எடுத்துவிட்டு உருட்டிவிடுவேன். வேலை நடந்தது, அதனால் நோண்டவில்லை.

போன ஐப்பசியில் ஒரு மாலை, கவாத்துக் கத்தி பாதத்தில் இறங்கிவிட்டது. வேலையாட்கள் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. துண்டால் இறுகக் கட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறிச் சாவியைத் திருப்பினேன். டிக். கல்லை எடுத்து உருட்டினேன். நாலு நாள் மழையில் பாதை களிமண்ணாகக் கிடந்தது. கிளட்சை விட்டதும் சக்கரம் உருளாமல் அப்படியே வழுக்கிக்கொண்டு போய்த் தோட்டத்துக் கேட்டடியில் சில்வர் ஓக் மரத்தில் முட்டி நின்றது. இனி உருட்டப் பள்ளம் இல்லை, தள்ள ஆள் இல்லை, போனுக்கு அங்கே டவரும் இல்லை. ஹாரனை அடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பக்கத்து எஸ்டேட் ஜீப் அந்த வழியாக வரும்போது இருட்டிவிட்டது. "எந்து பற்றி, சேச்சி?" என்று, என்ன ஆச்சு அக்கா என்று மலையாளத்தில் கேட்டபடி அந்த டிரைவர் இறங்கி ஓடிவந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. காலுக்காக அழவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து ஒரு மனுஷக் குரலைக் கேட்டதற்காக அழுதேன்.

இதை மகனிடம் சொன்னது நான் செய்த தப்பு. அவன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். மறுநாளே ஒரு சட்டம் போட்டான்.

"நெஞ்சு வலின்னா அப்பவும் ஹாரன் அடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பியாம்மா? தெனமும் அஞ்சரைக்குப் போன் பண்றேன். நீ ஸ்டார்ட் பண்ணு, நான் கேக்குறேன். பொங்கலுக்கு முந்தி ஒரு வாரம் ஒழுங்கா கெளம்புச்சுன்னா நீ அங்கயே இரு. இல்லேன்னா தோட்டத்தக் குத்தகைக்கு விட்டுட்டு இங்க வந்துரணும்."

அவன் வீடு ஒன்பதாவது மாடி. அங்கே ஒரு முறை பத்து நாள் இருந்து பார்த்திருக்கிறேன். மண்ணைத் தொட லிஃப்டில் இறங்க வேண்டும். என்னால் ஆகாது. ஜீப் கிளம்பினால் நான் மலையில், கிளம்பாவிட்டால் ஒன்பதாவது மாடியில். பேச்சு அவ்வளவுதான்.

எங்கள் தோட்டத்தில் போனுக்கு டவர் கிடைப்பதே ஜீப் நிற்கும் திட்டில் மட்டும்தான். தினமும் ஐந்தேகாலுக்கே போய் நின்றுவிடுவேன். ஐந்தரைக்கு மணி அடிக்கும். "கெளம்புதாம்மா?" என்பான். போனை என்ஜின் பக்கம் நீட்டிக்கொண்டு சாவியைத் திருப்புவேன். கிளம்பினால், "ம், கேட்டுச்சு" என்பான். ஒரு நாள் டிக் என்றது. சத்தம் காட்டாமல் கல்லை உதைத்துவிட்டு உருட்டிக் கிளப்பினேன்.

"உருட்டுனியாம்மா?" என்றான்.

"இல்லையே."

"நான் அந்த ஜீப்புலயே வளந்தவன். எனக்குத் தெரியாதா?"

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். சோதனை முடிந்ததும் அவன் உடனே வைத்துவிட மாட்டான். என்ன குழம்பு என்று கேட்பான். ஆபீசில் காபி மெஷின் கெட்டுப்போனதைச் சொல்வான். எதிர்வீட்டு நாய் இவன் செருப்பைக் கடித்ததைச் சொல்வான். பத்து நிமிஷம் போகும். நாங்கள் பேசுவது ஜீப்பைப் பற்றித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கும் அவனுக்கும் பேச எத்தனை இருந்திருக்கிறது என்று அப்போது உறைக்கவில்லை.

ஜீப்பைப் போடிக்கு மூன்று முறை கொண்டுபோனேன். அங்கே ஒரு வயரிங் மெக்கானிக், வீட்டுக்காரர் காலத்திலிருந்து பழக்கம், என்னைவிடப் பத்து வயது இளையவர். முதல் முறை பேட்டரியை மாற்றினார். அடுத்த முறை செல்ஃப் மோட்டாரைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினார். மூன்றாவது முறை சாவி சுவிட்சையே மாற்றினார். எனக்கு எரிச்சல் என்னவென்றால், அவர் பட்டறையில் அந்தப் பாழாய்ப்போன வண்டி ஒரு தடவைகூட மக்கர் செய்யவில்லை. நல்ல பிள்ளை மாதிரி இருபது தடவை கிளம்பிக் காட்டியது. மேலே வந்து கல்லைப் போட்டு நிறுத்தினால் மறுநாள் டிக்.

மூன்றாவது முறை அவர் கையைத் துடைத்துக்கொண்டே, "அக்கா, தப்பா நெனைக்காதீக. சாவியக் கடைசி வரைக்கும் திருப்புறீகளா?" என்றார்.

இருபத்திரண்டு வருஷமாகக் கொண்டை ஊசி வளைவில் லோடு ஏற்றி இறக்குகிறவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வி. கூட ஒரு ஆள் இருந்து, ஆமாம் நானும் பார்த்தேன், கிளம்பவில்லை என்று சொல்லியிருந்தால் அவர் அப்படிக் கேட்டிருக்க மாட்டார். தனியாக இருப்பவளுக்கு நடப்பதற்குச் சாட்சி கிடையாது. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பதினேழு வளைவும் அவரைத் திட்டிக்கொண்டேதான் ஏறினேன்.

மார்கழி பாதி ஆகிவிட்டது. ஒரு நாள் மூன்று மணிக்கு மேல், வேலையாட்கள் போன பிறகு சும்மா சோதித்துப் பார்க்கலாம் என்று ஏறினேன். டிக். விடவில்லை. நாலு தடவை, ஐந்து தடவை சாவியைப் பிடித்துத் திருப்பினேன். ஒருவேளை குமிழை உள்ளே தள்ளாமல் விட்டுவிட்டேனோ என்று அதைத் தொட்டேன். விரல் சுட்டது.

கையை உதறிக்கொண்டு அதையே பார்த்தேன். ஓடாத என்ஜினில் அந்தக் குமிழ் ஏன் சுட வேண்டும்? அது ஒரு இரும்புக் கம்பியின் முனை, அந்தக் கம்பி என்ஜினோடு போய்ச் சேருகிறது. வேறு ஒன்றுமில்லை. கோபத்தை ஒதுக்கிவைத்துவிட்டு மெக்கானிக்குக்குப் போன் போட்டேன்.

சொன்னதைக் கேட்டுவிட்டு அவர், "கரண்டு திரும்பிப் போக வழியில்லாம அந்தக் கம்பி வழியாப் போகுதுக்கா. என்ஜினுக்கும் சேசிசுக்கும் நடுவுல ஒரு எர்த் ஒயரு இருக்கும். அதுதான். ஆனா அத நான் பாத்தனே, நல்லா இருந்துச்சே" என்றார்.

"ஒன் பட்டறையில பாத்த. சமதரையில."

"இப்ப வண்டி எப்பிடிக்கா நிக்குது?"

"எப்பிடி நிக்கும்? பள்ளத்தப் பாத்துத்தான்."

"அக்கா, ரெண்டு சக்கரத்துக்கும் கல்லப் போட்டுட்டு, கீழ படுத்துப் பாருங்க" என்றார்.

நாலு சக்கரத்துக்கும் கல் போட்டேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, டார்ச்சோடு வண்டிக்கு அடியில் நுழைந்தேன். சடை மாதிரிப் பின்னிய செம்புப் பட்டை ஒன்று, அழுக்கும் ஆயிலும் அப்பி, வண்டியின் அடிச்சட்டமான சேசிசிலிருந்து என்ஜினுக்குப் போனது. முதல் பார்வைக்கு முழுசாகத்தான் தெரிந்தது. ஆயிலை வழித்துவிட்டுப் பார்த்தால் நடுவில் அறுந்து கிடந்தது. இரண்டு முனைக்கும் நடுவே நகம் நுழையும் அளவு இடைவெளி. என்ஜினைத் தாங்கும் ரப்பர் கட்டை நைந்துபோய், பள்ளத்தைப் பார்த்து நிறுத்தும்போதெல்லாம் என்ஜின் ஒரு இம்மி முன்னால் சரிந்திருக்கிறது. கொஞ்சம் கூடுதலாகச் சரிந்த நாளில் முனைகள் பிரியும். சமதரையில் பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். வண்டி கிளம்பாவிட்டால் உதவட்டும் என்று நாங்கள் எப்படி நிறுத்தினோமோ, அதுதான் அதைக் கிளம்பவிடாமல் செய்திருக்கிறது.

சிரிப்பு வந்தது. வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு சத்தமாகவே சிரித்தேன். இங்கே பாருங்கள் என்று காட்ட ஆள் தேடித் தலையைத் திருப்பினேன். வீட்டுக்காரர் இருந்திருந்தால் முழங்காலில் குனிந்து எட்டிப் பார்த்திருப்பார், நான்தான் அப்பவே சொன்னேனே என்று சொல்லாததைச் சொன்னதாகச் சாதித்திருப்பார். ஏலச்செடிக்குள் ஏதோ பறவை கத்திக்கொண்டிருந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் எழுந்திருக்க மனசில்லாமல் அங்கேயே கிடந்தேன்.

பேட்டரி இறங்கினால் இன்னொரு வண்டியிலிருந்து கரண்டு எடுக்க வைத்திருந்த ஒயரை எடுத்து, ஒரு முனையைப் பேட்டரியின் மைனசிலும் மறு முனையை என்ஜின் இரும்பிலும் கவ்வவிட்டேன். சாவியைத் தொட்டதும் கிளம்பியது. மறுநாள் போடியில் புதுப் பட்டையும் புது ரப்பரும் போட்டார் மெக்கானிக். தெருக்கோடிச் சரிவில் மூக்கை இறக்கி நிறுத்தி, அவரே பத்து முறை கிளப்பிப் பார்த்தார்.

"சாவியக் கடைசி வரைக்கும் திருப்புனியா?" என்று கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார்.

அதன் பிறகு ஒரு நாளும் மக்கர் இல்லை. பொங்கலுக்கு மூன்று நாள் முன்னதாகவே மகன் சொல்லிவிட்டான். "நீ ஜெயிச்சுட்டம்மா. இனி எனக்குப் பயமில்ல. நிம்மதியா இரு." எனக்கு அவ்வளவு சந்தோஷம். அன்றைக்கு ராத்திரிக்கு எனக்கு மட்டும் பாயசம் வைத்துக் குடித்தேன்.

பொங்கலுக்கு வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனான். போனதற்கு மறுநாள் ஐந்தேகாலுக்குத் திட்டில் போய் நின்றேன். ஐந்தரை ஆனது, ஆறு ஆனது, மணி அடிக்கவில்லை. அசதியாக இருக்கும் என்று நினைத்தேன். அடுத்த நாளும் இல்லை. அதற்கு அடுத்த நாள் நிற்கும்போதுதான் புரிந்தது. அவனுக்கு இனி கேட்க ஒன்றுமில்லை. அவன் மேல் தப்பும் இல்லை. நன்றாக ஓடுகிற வண்டியைப் பற்றி யார் விசாரிப்பார்கள்?

ஐந்தாம் நாள் ஒரு கிறுக்கு வேலை செய்யப் பார்த்தேன். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைந்து, புதுப் பட்டையின் நட்டில் வைத்தேன். அரைத் திருகு திருப்பினால் போதும், டிக் வந்துவிடும், அவன் பதறிக்கொண்டு தினமும் கூப்பிடுவான். ஒன்பதாவது மாடி ஞாபகம் வந்தது. என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. ஸ்பேனரைத் தூரப் போட்டுவிட்டு வெளியே வந்து, நானே போன் போட்டேன்.

"என்னம்மா, ஜீப்பு நின்னுபோச்சா?" எடுத்ததும் அதுதான் கேட்டான்.

"இல்லய்யா. நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் என்னம்மா?"

பேச்சுக்குத் துணையில்லாமல் இருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் மறுபடி பெங்களூர்ப் பேச்சு வரும்.

"சும்மாதான்ப்பா. கேக்குறியா?" என்றேன்.

போனை என்ஜின் பக்கம் நீட்டிச் சாவியைத் திருப்பினேன். தொட்டதும் கிளம்பியது. போனைக் காதில் வைத்தேன். "சூப்பரா இருக்கும்மா. மீட்டிங்குல இருக்கேன், வச்சுர்றேன்" என்றான்.

என்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டேன். பிறகு குமிழை இழுத்து நிறுத்தினேன். அன்றைக்குச் சுட்டது, இப்போது கையில் சில்லென்று இருந்தது.