கருப்பையாவுக்கு எடுத்த வேட்டி

போன வாரம் அட்டனில் ஒரு சின்னப் பெண் என் வாயை அடைத்துவிட்டாள். என் மாமியாராலேயே முடியாத காரியம் அது!

பெயர் தெய்வானை. தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் என் வகுப்பில் படிக்கிறாள். பெற்ற தகப்பன் கருப்பையா, இவள் கைக்குழந்தையாக இருந்தபோதே காய்ச்சலில் போய்விட்டார். பிறகு தாய், அதே லயத்து வரிசை வீடுகளில் இருந்த முனியாண்டியைக் கட்டிக்கொண்டாள். அந்த முனியாண்டி என்ன செய்தார் தெரியுமா? கோர்ட்டுக்குப் போய் இவளைச் சட்டப்படி தத்தெடுத்துக்கொண்டார்.

தோட்டமே சிரித்ததாம். "தூக்கி வளக்குற புள்ளைக்கு கோட்டு எதுக்குய்யா?" என்று கேட்டார்களாம். மனிதர் அசையவில்லை. "நாளைக்கு நான் இல்லேன்னா, இவ அவனுக்கு யாருன்னு ஒருத்தன் கேக்கக்கூடாது" என்றாராம்.

கேட்டார்களே!

தாயும் இடையில் போய்விட்டாள். இந்த வருடம் முனியாண்டி. தேயிலை மலையில் நிழல்மரம் வெட்டும்போது கொப்பு முறிந்து அவர்மேல் விழுந்தது. வேலையில் நடந்த சாவு, ஆகவே அவரை நம்பியிருந்தவர்களுக்கு நஷ்டஈடு உண்டு. நம்பியிருந்தது இந்த ஒரு ஜீவன்தான். ஆனால் தோட்டத்தின் சார்பில் வந்த வக்கீல், 'இது அவர் பிள்ளையே இல்லை' என்று நின்றார்.

அட்டனில் நடந்த விசாரணைக்குத் தெய்வானையின் பெரியம்மா என்னையும் கூப்பிட்டாள். "டீச்சரம்மா, நீங்களும் வாங்க. தொரமாருகளப் பாத்தா எனக்கு நாக்கு ஒட்டிக்குது." பஸ்ஸில் வரும்போது மெதுவாக இன்னொன்றும் சொன்னாள். "இது கெடைக்கலேன்னா இவள கொழும்புல ஒரு வீட்டு வேலைக்கு விடத்தாங்க வேணும். என் வீட்லயே அத்தன வாயி… நான் என்னங்க செய்ய?" தெய்வானை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காதில் விழுந்துவிட்டது.

பெரியம்மாவைக் கல்நெஞ்சுக்காரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

விசாரணை செய்த அதிகாரி சிங்களவர், நடுத்தர வயது. பக்கத்தில் மொழிபெயர்க்க ஓர் ஆள். வக்கீல் நம்மவர்தான், தமிழிலேயே கேட்டார்.

"உன் அப்பா பேர் என்ன?"

தெய்வானை நிமிர்ந்து நின்று, பளிச்சென்று சொன்னாள். "கருப்பையாங்க."

ஐயோ! பெரியம்மா என் முழங்கையைப் பிடித்துக் கிள்ளியே விட்டாள். வக்கீல் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். அதிகாரியைப் பார்த்து, 'பிள்ளையே சொல்லிவிட்டது பாருங்கள்' என்பதுபோல் கையை விரித்தார்.

"அப்படியென்றால் முனியாண்டி யார்?"

"அவரும் அப்பாதாங்க."

"ஒருத்தருக்கு எத்தனை அப்பாம்மா?" வக்கீல் சிரித்தார். பிள்ளை சிரிக்கவில்லை.

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கருப்பையா பெயரை ஏன் முதலில் சொன்னாய் என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார்.

"அப்பாதாங்க அப்படிச் சொல்லச் சொன்னாரு."

"எந்த அப்பா?"

"முனியாண்டி அப்பா. 'என்னயத்தான் எல்லாரும் கண்ணால பாக்குறாங்களே. அவரு பேர நீ சொன்னாத்தான்டா உண்டு. யாரு கேட்டாலும் அதைய மொதல்ல சொல்லு'ன்னாரு."

அதோடு அவள் விடவில்லை, சொல்லிக்கொண்டே போனாள்.

தீபாவளிக்குச் செத்தவர்களுக்குப் படையல் போடுவது தோட்டத்தில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். ஆனால் பெண்சாதியின் முதல் புருஷனுக்கு இரண்டாம் புருஷன் இலை போட்டதை எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? முனியாண்டி போட்டிருக்கிறார். வருஷா வருஷம். கருப்பையாவுக்குப் பிடிக்குமென்று நெத்தலிக் கருவாடும் சுருட்டும். கூடவே ஒரு புது வேட்டி. தனக்கென்று தனியாக எடுக்கமாட்டாராம்.

"வெளக்குக்கு முன்னால என்னையப் பக்கத்துல உக்கார வச்சுக்குவாருங்க. 'கருப்பையாண்ணே, ஒங்க மக நல்லா இருக்கா, நல்லாப் படிக்கிறா. வேட்டிய நான் கட்டிக்கிறேன்'னு சொல்லி விழுந்து கும்புட்டுட்டுத்தான் எடுத்துக் கட்டுவாரு."

நான் வேதக்காரி, கிறிஸ்தவள். எங்கள் வீட்டில் படையலும் கிடையாது, விளக்குக்கு முன் பேச்சும் கிடையாது. ஆனாலும் சொல்கிறேன், அந்த நாற்காலியை விட்டு எழுந்து நிற்கவேண்டும் போலிருந்தது எனக்கு. எப்பேர்ப்பட்ட மனிதன்! கொழுந்து மலையில் கத்தியும் கையுமாக என்னைக் கடந்து போகும்போது, 'சலாம் டீச்சரம்மா' என்று ஒதுங்கி நின்ற அந்த ஒல்லி மனிதனா இவர்?

மொழிபெயர்ப்பாளர் பாதியில் நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மிச்சத்தை அதிகாரி கேட்டு வாங்கவேண்டியிருந்தது.

பிறகு தீர்ப்பு. கோர்ட் தத்துக் கொடுத்த அன்றைக்கே இவள் முனியாண்டிக்குப் பிள்ளை. பெற்ற பிள்ளைக்கு என்ன பாத்தியதையோ அதுவே இவளுக்கும். அவள் யாரை அப்பா என்று சொன்னாலும் சட்டம் மாறாது. பணம் அவள் பெயரில் இருக்கும், படிப்புக்கும் சாப்பாட்டுக்கும் வேண்டியபோது கொடுக்கப்படும். சொல்லிவிட்டு அதிகாரி வக்கீலைப் பார்த்து ஆங்கிலத்தில், "நீங்கள் கேட்ட கேள்வி வழக்குக்குத் தேவையில்லாதது. ஆனாலும் கேட்டதற்கு நன்றி" என்றார். வக்கீல் காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார்.

வெளியே வந்ததும் பெரியம்மா ரோட்டென்றும் பாராமல் உட்கார்ந்து அழுதாள். "கொழும்பும் வேணாம், ஒன்னும் வேணாம்டி" என்று பிள்ளையைக் கட்டிக்கொண்டாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. மறைப்பானேன்?

தெய்வானை மட்டும் ஏதோ யோசனையில் இருந்தாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு கேட்டாள்.

"டீச்சர், இந்தத் தீபாவளிக்கு ரெண்டு எலை போடணும். ரெண்டு வேட்டி எடுக்கணும். ஒன்னப் பெரியப்பா கட்டிக்குவாரு. இன்னொன்ன யாரு டீச்சர் கட்டிக்கிறது?"

இங்கேதான் என் வாய் அடைத்துப்போனது.

எங்கள் வீட்டுக்காரர் கால்சட்டைப் பேர்வழி. இந்தத் தீபாவளிக்கு அந்த இன்னொரு வேட்டியை அவர் கட்டட்டும். பாதிரியாருக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்!