ஷெல்லாக் கதிர்வேல்

கடலூர்த் துறைமுகத்தில் போய்க் கதிர்வேல் என்று கேட்டால், எந்தக் கதிர்வேல் என்பார்கள். ஷெல்லாக் கதிர்வேல் என்றால் ஐஸ் வண்டி தள்ளுகிறவர்கூடக் கையைக் காட்டிவிடுவார். விசைப்படகு இன்ஜினில் டீசல் குழாய் எங்கே ஒழுகினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். மரையில் நூலைச் சுற்றி, அதன்மேல் ஷெல்லாக்கைப் பூசி முறுக்கினால் முடிந்தது. ஷெல்லாக் என்பது வேறொன்றுமில்லை, அரக்குக் குழம்பு, காய்ந்தால் கல். நடுக்கடலில் படகு என்ன ஆட்டம் ஆடினாலும் அவர் போட்ட இணைப்பு ஒரு சொட்டு விட்டதில்லை. அந்தப் பெருமை மனுஷனுக்குக் கொஞ்சம் ஜாஸ்தி. விரல் நுனியும் நகக்கண்ணும் எந்நேரமும் செம்பழுப்பாக இருக்கும், பெட்ரோலில் கழுவினாலும் போகாது. சாப்பிட உட்கார்ந்தால் தங்கை பூஜா, "அந்தக் கையாலயா சாப்புடப் போற?" என்று ஸ்பூனைத் தூக்கிப் போடுவாள்.

பூஜாவின் புருஷன் சிவசங்கர் பெட்ரோல் பங்குகளுக்கு மெஷின் மாட்டுகிறவன். இத்தனை வருஷம் யார் யாரிடமோ கைகட்டி நின்றவனுக்கு இப்போதுதான் சொந்தப் பெயரில் முதல் கான்ட்ராக்ட் கிடைத்திருந்தது. சிதம்பரம் பைபாஸில் ராமாமிர்தம் என்பவரின் பங்க். அங்கே எத்தனால் நிறையக் கலந்த பெட்ரோல் விற்கப் போகிறார்கள். அதைத் தாங்குகிற டேங்க், குழாய், ஹோஸ் எல்லாம் புதிதாகப் போட வேண்டும். இது நல்லபடியாக முடிந்தால் அடுத்தடுத்த பங்குகளும் அவனுக்கே. கெட்டால் மறுபடியும் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

"மண்ணுக்குள்ள போற லைன மட்டும் நீ போட்டுக் குடு மச்சான். அத வேற யார நம்பியும் உட மாட்டேன்" என்றான் சிவசங்கர். கதிர்வேலுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

குழாய்களோடு ஒரு டியூபில் பசையும் வந்திருந்தது. இணைப்புகளுக்கு இதை மட்டும்தான் பூச வேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தான். கதிர்வேல் பிதுக்கிப் பார்த்தார். பல் விளக்குகிற பேஸ்ட் மாதிரி வெள்ளையாக, வழவழவென்று வந்தது. இந்தக் கொழகொழப்பை நம்பியா தங்கை புருஷனின் பிழைப்பை மண்ணுக்குள் புதைப்பது? மாப்பிள்ளை சாப்பிடப் போன நேரம் பார்த்து டியூபை ஓரமாக வைத்தார். பையிலிருந்து ஷெல்லாக் டப்பாவை எடுத்தார். சோம்பலும் இல்லை, வஞ்சகமும் இல்லை. நம்ம வீட்டு வேலையாயிற்றே என்று தனக்குத் தெரிந்ததிலேயே உசத்தியானதைப் போட்டார், அவ்வளவுதான்.

காற்றை ஏற்றிச் சோதித்தார்கள். மீட்டரில் முள் அசையவில்லை. சிவசங்கர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தான். பிறகு மண்ணைத் தள்ளி மேலே கான்கிரீட் போட்டு மூடினார்கள்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாளே டேங்கர் வந்து எரிபொருளை இறக்கியது. விழா அன்று காலை, வாசலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருக்கையில், அளவு சரிபார்க்க சிவசங்கர் கேனில் அடித்துக் காட்டினான். கேனைப் பிடித்திருந்த கதிர்வேலின் கையில் அது தெறித்து வழிந்தது. புது வேட்டியின் ஓரத்தில் துடைத்தார். வேட்டியில் பழுப்பாக ஒட்டிக்கொண்டது. விரல்களைப் பார்த்தார். நகக்கண்வரை வெளுத்திருந்தன.

கேனைக் கீழே வைத்தார். பக்கத்து வீட்டுத் தச்சர் அரக்கை ஸ்பிரிட்டில் ஊறப்போட்டுக் கரைத்துத்தான் கதவுக்கு பாலிஷ் அடிப்பார். வாசலில் நின்று எத்தனை தடவை அதை வேடிக்கை பார்த்திருக்கிறார்.

"மாப்ள, இந்த எத்தனால்னா இன்னாது?"

"கரும்புலேர்ந்து எடுக்கறது. ஸ்பிரிட்டு மாதிரிதான். ஏன்?"

"நான் அந்த டியூப போடல. ஷெல்லாக் போட்டேன்."

சிவசங்கருக்கு முதலில் புரியவில்லை. கதிர்வேல் கையை நீட்டிக் காட்டினார். அறை விழும் என்றுதான் நினைத்தார், விழுந்திருந்தால் தேவலை. அவன் கான்கிரீட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். அதன் கீழே ஒவ்வொரு இணைப்பும் நேற்றிலிருந்து ஊறிக்கொண்டிருக்கிறது.

"இப்பவே ஒடைச்சுடறேன் மாப்ள. நானே தனியா ஒடைக்கிறேன். மறுபடி போட்டுக் குடுத்துடறேன்."

"நீ ஒண்ணும் பண்ண வேணாம் மச்சான்" என்றான். குரலில் கோபம்கூட இல்லை. போய் மெயின் சுவிட்சை இறக்கினான். பந்தலில் மாலையோடு நின்ற ராமாமிர்தத்திடம் நேராகப் போய், "லைன்ல தப்பு நடந்துபோச்சு சார். தப்பு என்னுது. தெறக்க வேணாம்" என்றான். மச்சான் பெயரை எடுக்கவே இல்லை. கதிர்வேல் ஓடிப்போய், "நான்தான் சார், அவுருக்குத் தெரியாது" என்றார். காதில் வாங்க அங்கே யாரும் தயாராக இல்லை. பெட்ரோல் கம்பெனிக்குப் போன் போனது. டேங்கைக் காலி செய்ய அவர்கள் ஆளே வரும், லைனும் இனி அவர்கள் ஆளே போடும் என்று பதில் வந்தது. "ஒன் ஆளுங்க யாரும் இனிமே எதுலயும் கைய வெக்கக் கூடாது" என்றார் ராமாமிர்தம்.

கதிர்வேல் ஓரத்துக் கல்லில் போய் உட்கார்ந்தார். கடப்பாரை எட்டும் தூரத்தில்தான் கிடந்தது. அதைத் தொடவும் இப்போது அவருக்கு உரிமையில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் பூஜா ஆட்டோவில் வந்து இறங்கினாள். பட்டுப்புடவை, கையில் திருவந்திபுரத்தில் புருஷன் பெயருக்கு அர்ச்சனை செய்த தட்டு. நேராக அண்ணனிடம் வந்தாள்.

"கைய நீட்டுண்ணே."

நீட்டினார். துளசியை வைக்கப் போனவள் நின்றாள். அந்தக் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது.

"பரவால்லயே, நம்ம வேலைன்னதும் நகமெல்லாம் கழுவிட்டு வந்திருக்கியேண்ணே."