ரோசம்மாள் பெருக்கித் தள்ளிய உமி

குஞ்சுகள் செத்ததற்குக் காரணம் சுத்தமில்லாததுதான் என்று மணவாளன் தெருமுனையில் வண்டியில் உட்கார்ந்தபடியே சொன்னார். மோட்டார் சைக்கிளின் எஞ்சினைக்கூட அணைக்கவில்லை. கோழிக்குஞ்சும் தீவனமும் கொடுத்து, வளர்ந்ததும் திரும்ப எடுத்துக்கொள்ளும் ஒரு கம்பெனியின் மேற்பார்வையாளர் அவர். மீந்திருக்கும் குஞ்சுகளை வேறிடத்துக்குத் தூக்கிவிடப் போவதாகவும், இனி இந்தத் தெருவுக்குக் குஞ்சு வராது என்றும் அறிவித்தார்.

"உங்க ஜனங்களுக்கு எவ்ளோ சொன்னாலும் சுத்தம் வராதும்மா" என்றார் கடைசியாக.

கேட்டுக்கொண்டு நின்ற ரோசம்மாளின் கையில் துடைப்பம் இருந்தது.

அந்தத் துடைப்பத்தை விட்டுவிட்டு ரோசம்மாளைப் பற்றிப் பேச முடியாது. புதுவாயல் கூட்டுரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது அவருடைய தெரு. சிறுமியாக இருந்தபோது அம்மாவோடு அடுத்தவர் வயலில் நடவு நட்டார். நிலக்காரர் வீட்டில் தண்ணீர் கேட்டால் சொம்பைத் தர மாட்டார்கள். மேலேயிருந்து கையில் ஊற்றுவார்கள். வயல்கள் கம்பெனிகளான பிறகு கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒப்பந்தத் துப்புரவு வேலைக்குப் போனார். அங்கே ஒரு என்ஜினியர் மெஷினுக்கு அடியில் கைக்குட்டையால் துடைத்துப் பார்ப்பார். கறை தெரிந்தால் அன்றைக்கெல்லாம் பேச்சு. வருடக்கணக்கில் அந்தக் கைக்குட்டை அழுக்காகாமல் பார்த்துக்கொண்டவர் ரோசம்மாள். ஒப்பந்தக்காரர் மாறியபோது ஒரு வார்த்தை சொல்லாமல் வெளியே அனுப்பிவிட்டார்கள்.

அதன்பிறகு வந்ததுதான் கோழி. இரும்பு உருட்டும் ஆலையில் சுமை ஏற்றும் கணவர் வரதன் தகரம் வாங்கிப் போட்டு, வீட்டுக்குப் பின்னால் இரண்டு கொட்டகை கட்டினார். ஒன்று சின்னக் குஞ்சுகளுக்கு, மற்றது வளர்ந்தவற்றுக்கு. யாரும் தலைக்குமேல் நின்று விரட்டாத முதல் வேலை என்று ரோசம்மாள் அதைச் சொல்லுவார். அதை இழக்க அவர் தயாராக இல்லை.

இழக்காமலிருக்க அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். தரையில் பரப்பும் நெல் உமியைத் தினமும் காலையில் வாரி வெளியே தள்ளிவிட்டு, அரிசி ஆலையிலிருந்து கொண்டுவந்த புது உமியைப் போட்டார். தெருப் பெண்கள் கேலி செய்தார்கள்: "ரோசக்கா கோழிக்கு டெய்லி பெட்ஷீட் மாத்துது பாரு." மற்றவர்கள் கொட்டகையில் மூக்கைப் பொத்துவார்கள். இங்கே உட்கார்ந்து நாஷ்டா சாப்பிடலாம்.

முன்பு வந்த குஞ்சுகள் எல்லாம் நன்றாகவே வளர்ந்து கம்பெனிக்குத் திரும்பின. இந்த முறை ஏற்பாடு புதிது. முன்புபோல் மருந்து கலக்காத தீவனம், அதற்குப் பதிலாகக் குஞ்சு பொரிப்பகத்திலேயே தடுப்பு மருந்து என்று கம்பெனி மாற்றியிருந்தது. பெரிய கொட்டகைக்கு மாற்றிய சில நாளில் குஞ்சுகள் இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் ஒடுங்கின. எச்சத்தில் ரத்தம். ரத்தக்கழிச்சல் என்று கோழி வளர்ப்பவர்கள் சொல்லும் நோய். ஒவ்வொரு காலையிலும் கூடை நிறையச் சாவு.

மணவாளன் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போன அன்று மத்தியானமே, மகள் ஏஞ்சல் போய்க் கால்நடை மருத்துவர் ஈஸ்வரியை அழைத்து வந்தாள். அவர் நேராகக் கொட்டகைக்குள் போய்த் தரையில் உட்கார்ந்து, செத்த குஞ்சொன்றை அறுத்தார். குடலின் கடைசிப் பைகள் இரண்டும் ரத்தம் கட்டி உப்பியிருந்தன. நோயில் சந்தேகமில்லை. ஆனால் சுற்றிலும் பார்த்தவருக்குக் குழப்பம் வந்தது.

"இந்த உமி எப்போ போட்டது?"

"காலைலதான் டாக்டர். டெய்லி மாத்திடுவேன்."

"சின்னக் குஞ்சா இருக்கும்போதுமா?"

"அப்போ இன்னும் ஜாக்கிரதையா மாத்திக்கினு இருந்தேன்."

டாக்டர் கத்தியைக் கீழே வைத்தார். பக்கத்து ஊரில் நெல் நிலம் வைத்திருக்கும் தணிகைவேலின் கொட்டகைக்கு முதல் நாள்தான் போயிருந்தார். அங்கேயும் இதே பொரிப்பகத்தின் இதே குஞ்சுகள். உமி கறுத்துக் கட்டி தட்டிப்போய்க் கிடந்தது, நாற்றம் வேறு. ஒரு குஞ்சும் சாகவில்லை.

அவர் விளக்கியதைச் சுருக்கினால் இதுதான். அந்தத் தடுப்பு மருந்தில் இருப்பது உயிருள்ள ஒட்டுண்ணி, வீரியம் குறைந்தது. குஞ்சின் குடலுக்குள் போய்ப் பெருகி, முட்டைகளாக எச்சத்தில் வெளியேறும். உமியின் லேசான ஈரத்தில் அவை முதிரும். குஞ்சு அதே உமியைக் கொத்தித் திரும்ப விழுங்கும். முதல் முறை வரும்போது குடல் சுவரின் வெள்ளை அணுக்களுக்கு வந்தவன் யாரென்று தெரியாது. தடுமாறிச் சண்டை போடும். திரும்பத் திரும்ப வந்தால்தான், எதிரியை நினைவில் வைக்கும் அணுக்கள் குடலிலேயே பெருகித் தங்கும். பிறகு எந்தக் கொட்டகைத் தரையிலும் கிடக்கும் நிஜமான, வீரியமுள்ள ஒட்டுண்ணி உள்ளே வந்தால், அது பெருகுமுன் அந்த அணுக்கள் மடக்கிவிடும்.

ரோசம்மாளின் குஞ்சுகள் ஒரே ஒரு பாடத்தோடு நின்றுவிட்டன. மிச்சப் பாடங்களை அவர் தினமும் கூடையில் வாரி வெளியே கொட்டினார்.

"உமிய மாத்தக் கூடாதுன்னு உங்களுக்கு யாருமே சொல்லலையாம்மா?"

"சுத்தமா வையின்னுதான் சொன்னாரு. எப்ப வந்தாலும் அதான். தெருமுனைல வண்டில குந்திக்கினே."

டாக்டர் அங்கிருந்தே தணிகைவேலுக்குப் போன் போட்டார். ஆமாம், மணவாளன் சார் வந்து நாற்காலியில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டு எல்லாம் விவரமாகச் சொன்னாரே என்றார் அவர். உமியை மாற்றாதீர்கள் என்றாராம். ஒரு பிடி அள்ளி அழுத்திப் பார்க்க வேண்டும். லேசாகப் பிடித்து நின்று, விரலைத் திறந்ததும் உதிர்ந்தால் ஈரம் சரி என்று கொட்டகைக்குள் வந்து செய்தே காட்டினாராம்.

ஒரே கம்பெனி, ஒரே குஞ்சு, ஒரே மேற்பார்வையாளர். அங்கே கொட்டகை வரை போன கால், இங்கே தெருமுனையில் வண்டியை விட்டே இறங்கவில்லை. இறங்கியிருந்தால் புது உமி கண்ணில் பட்டிருக்கும், ஒரு வார்த்தை போதும். தலைமுறையாக அழுக்கென்று ஏசப்பட்டவர்கள் பயந்து பயந்து பெருக்குகிறார்கள். பெருக்கியதால் வந்த சாவுக்கும் அழுக்கென்றே ஏச்சு. இதைக் கவனக்குறைவு என்று எழுதிவிட்டுப் போக மனம் வரவில்லை. கவனம் எங்கே வைக்க வேண்டும் என்பதில் மணவாளன் மிகத் தெளிவாக இருந்திருக்கிறார்.

டாக்டர் ஈஸ்வரி கம்பெனியின் மருத்துவரிடம் பேசினார். தப்பிய குஞ்சுகளை அசைக்கக் கூடாது, குடிநீரில் மருந்து கொடுத்தால் பிழைக்கும், பிழைப்பவற்றின் உடம்பு இனி இந்த நோயை மறக்காது என்று முடிவானது. அடுத்த முறை குஞ்சு கொடுப்பதா என்பதை மேற்பார்வையாளர் கொட்டகையைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும் என்றார்கள்.

மறுநாள் மணவாளன் வந்தார். தெருமுனையில் நின்று ஹார்ன் அடித்தார். ரோசம்மாள் போகவில்லை. மறுபடி அடித்தார். தெருவே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது.

"வண்டிய ஆஃப் பண்ணு சார்" என்றார் ரோசம்மாள், வீட்டு வாசலிலிருந்தே. "செத்தது உள்ள கீது. அங்க நின்னா இன்னா தெரியும்?"

எஞ்சின் நின்றது. குழாயடியில் இருந்த ஒருத்தி, "பாத்து வா சார், எங்க தெரு ரொம்ப க்ளீனு, வழுக்கிடும்" என்றாள். சிரிப்பு எழுந்தது. மணவாளன் யாரையும் பார்க்காமல் நடந்து வந்தார்.

கொட்டகைக்குள் அவர் ஏதோ பொதுவாகச் சொல்லத் தொடங்கினார். எல்லாரிடமும் சொல்வதுதான், இவர்கள்தான் காதில் வாங்கவில்லை என்கிற மாதிரி. ரோசம்மாள் குறுக்கிட்டார்.

"தணிகைவேலு ஊட்ல இன்னா செஞ்சு காட்டுனியோ, அத எனக்கும் காட்டு. குனிஞ்சு அள்ளு."

முந்தின நாள் காலை போட்டு, மாற்றாமல் விட்ட உமி. எச்சம் கலந்து கிடந்தது. மணவாளன் சட்டைக் கையை மேலே மடித்தார். பிறகு குனிந்து ஒரு பிடி அள்ளி அழுத்தி, விரல்களைத் திறந்தார். உமி கொஞ்சமும் பிடித்து நிற்காமல் மணல்போல் கொட்டியது.

"ஈரம் பத்தல" என்றார், சன்னமாக. "லேசா தெளிக்கணும். அடுத்த பேட்ச் வந்ததும் நாலு வாரத்துக்கு மாத்தவே கூடாது."

"அடுத்த பேட்ச் வருதா?"

"வரும்."

"வரட்டும். நீயும் இதுவரைக்கும் வரணும். ஹார்ன் அடிச்சா நான் வர மாட்டேன்."

அவர் எச்சம் ஒட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். ரோசம்மாள் தொட்டியிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு வந்தார். மணவாளன் சொம்பை வாங்கக் கையை நீட்டினார். ரோசம்மாள் கொடுக்கவில்லை.

"புடி, ஊத்தறேன்" என்று சொல்லி மேலேயிருந்து ஊற்றினார்.