அக்காவிடம் நான் மாற்றிச் சொன்னது

பொய் சொன்னேன். என் அக்காவின் வாயில் பல் இருக்க வேண்டுமா, விழ வேண்டுமா என்பதை அவளைக் கேளாமல் நானே தீர்மானித்தேன். உங்களிடம் இதை மழுப்பப் போவதில்லை.

கணவர் இறந்தபின் அக்கா தென்காசியிலிருந்து தில்லிக்கு, சரோஜினி நகரில் என் அரசுக் குடியிருப்புக்கு வந்தாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். இந்தி தெரியாது. பால்காரரிடமும் பக்கத்து வீட்டிலும் நான்தான் அவளுக்கு வாய். அலுவலகத்திலிருந்து திரும்பினால் அவள் பேச்சையும் நானே பேச வேண்டும்... எனக்குச் சலித்துப்போயிருந்தது.

அவளுக்கு ஈறு வீங்கி இரத்தம் கசிந்தபோது பல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். இளைஞர்; பொறுமையாக இந்தியில் விளக்கினார். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே பள்ளம் விழுந்திருக்கிறது. அடிவரை சுத்தம் செய்து, அந்தப் பள்ளத்துக்குள்ளேயே ஆன்டிபயாடிக் மருந்தை வைக்கலாம். தொடர்ந்து வந்தால் பற்களைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார்.

“ஏட்டி, என்ன சொல்லுதாரு?”

“வயசானா அப்படித்தானாம்க்கா. உப்புத்தண்ணி கொப்பளிச்சாப் போதுமாம்.”

எத்தனை எளிதாக வந்தது! திரும்பத் திரும்ப விடுப்பு எடுக்க வேண்டுமே என்று பயந்தேனா? இந்த வயதில் இவளுக்கு எதற்கு என்று நினைத்தேனா? இரண்டும்தான்.

அக்கா நம்பினாள். நாள் தவறாமல் கொப்பளித்தாள். ஓராண்டுக்குள் கீழ்வரிசை முன்பற்கள் இரண்டு ஆடி விழுந்தன. முந்தானையால் வாயை மூடிச் சிரித்தவள், பிறகு சிரிப்பதையே விட்டாள். ஒருநாள் சோற்றைக் கரைத்துக் குடித்தபடி சொன்னாள்: “அந்த டாக்டர் நல்லவரு. ஆசை காட்டாம உள்ளதச் சொன்னாரு.”

அந்தச் சொல்லை என்னால் தாங்க முடியவில்லை! மறுநாளே விடுப்பு எடுத்து, அதே மருத்துவரிடம் அழைத்துப் போனேன். போன வருடமே வரச் சொன்னேனே, ஏன் வரவில்லை என்று அவர் இந்தியில் கேட்டார்.

“என்ன சொல்லுதாரு?”

இன்னொரு பொய் நாக்கு நுனிவரை வந்தது... விழுங்கினேன்.

“போன வருசமே மருந்து வைக்கலாம்னு சொன்னாருக்கா. நாந்தான் ஒங்கிட்ட மாத்திச் சொல்லிட்டேன்.”

 அக்கா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மருத்துவரின் விளக்குப் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள்.

இப்போது சுத்தம் செய்து, எஞ்சிய பற்களின் ஈறுக்குள் மருந்து வைக்கிறார். இரத்தம் நின்றிருக்கிறது. விழுந்தவை இனி முளைக்கப் போவதில்லை. அவர் சொன்ன எந்த நாளையும் நான் தவறவிடவில்லை, தவறவிடவும் மாட்டேன். மேலதிகாரி முறைத்தால் முறைக்கட்டும்!

மருத்துவர் பேசி முடித்ததும் ஒரு சொல் விடாமல் அவளிடம் சொல்கிறேன். கடைசிவரை கேட்கிறாள். பிறகு அவர் பக்கம் திரும்பி, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கற்றுக்கொண்ட இந்தியில் கேட்கிறாள்: “பையா, இத்னா ஹி போலா?”

தம்பி, இவ்வளவுதான் சொன்னீர்களா என்கிறாள். அவர் தலையசைத்த பின்புதான் எழுந்திருக்கிறாள்.