தனி அடுப்பு வைத்துக் கொடுத்த செல்வி

போளூரிலிருந்து செல்வியின் கணவர் போனில் பேசினார். "பெரிப்பா, செல்வி போயிடுச்சி." ஆரணியில் பட்டுக்கு டிசைன் போடும் கடைகளில் கம்ப்யூட்டர் நின்றால் ஓடி வந்தவள் கலைச்செல்வி. நாற்பதுகூட ஆகவில்லை. அவளை அறிந்த உங்களுக்குத்தான் எழுதுகிறேன், ஆறுதல் சொல்ல அல்ல.

ஆயுத பூஜைக்கு நாம் கம்ப்யூட்டருக்கும் சந்தனம், குங்குமம் வைப்போம். ஒரு வருஷம், நான் டிசைன் போடும் கடையின் முதலாளி குமரேசன் திரையில் சரஸ்வதி படம் வைத்தார். பூஜையில் வைத்ததை அணைக்கக்கூடாதென்று மறுநாள்வரை அப்படியே விட்டார். யாரும் தொடாத அந்த நேரத்தில், பில் போடும் மென்பொருள் இணையம் வழியே தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. அதற்கும் டிசைன் மென்பொருளுக்கும் பொதுவான ஒரு கோப்பு உண்டு. அதை எடுத்துவிட்டுப் புதிய பதிப்பை வைத்துவிட்டது. மறுநாள் டிசைன் மென்பொருள் திறக்கவில்லை.

நெசவாளர் முருகேசன் வாசலிலேயே நின்றார். தறியில் கல்யாணப் புடவை, முந்தி மட்டும் பாக்கி. முந்தியின் டிசைன் கம்ப்யூட்டருக்குள். முகூர்த்தத்துக்குப் புடவை வராவிட்டால் இனி நெய்யப் பாவு நூல் கிடையாது என்று வியாபாரி சொல்லிவிட்டார்.

செல்வி ஓடி வந்தாள். மென்பொருளை அழித்துத் திரும்பப் போடு என்று அவளிடம் சொன்னேன். இதையெல்லாம் நானாகவே கற்றவன் நான்.

"கொஞ்சம் சும்மா இருங்க பெரிப்பா. நேத்துலேர்ந்து இன்னா மாறிச்சி? அத்த சொல்லுங்க."

"சாமி படம் வெச்சோம்மா. வேற ஒன்னும் தொடல," என்றார் குமரேசன்.

பிழைச் செய்தியைப் படித்தாள். கோப்பு இருக்கிறது, டிசைன் மென்பொருள் கேட்பது அந்தப் புதிய பதிப்பில் இல்லை. பழையதைத் தேடி எடுத்துப் பொது இடத்தில் வைத்தாள். டிசைன் திறந்தது, பில் நின்றது. பிறகு புதியதை அங்கேயே விட்டு, பழையதை டிசைன் மென்பொருளின் சொந்தக் கோப்புறையில் வைத்தாள். அது முதலில் அங்கேதான் தேடும். இரண்டும் திறந்தன.

"ரெண்டு மருமகளுக்கு ஒரே அடுப்புன்னா சண்டதான். தனி அடுப்பு வெச்சிட்டேன்."

"மாமியா யாரும்மா?" என்றார் முருகேசன்.

"அதோ, பொட்டு வெச்சிகினு உக்காந்துகினு கீதே!"

கம்ப்யூட்டரைக் காட்டினாள். முருகேசன் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

ஒரு கோப்புக்கு இரண்டு பதிப்பு கூடாது, பழையதில் இருக்கும் பாதுகாப்பு ஓட்டையை யார் அடைப்பார்கள் என்று அவளோடு கடைசிவரை சண்டை போட்டேன். அவள் இல்லை என்பதற்காக இறங்கி வர மாட்டேன்.

பல மாதமாக அவள் ஒரு கையால் நெற்றியை அழுத்திக்கொண்டே வேலை செய்தாள். டீயைப் பாதியில் வைத்தாள். தலைவலி என்றால் ஒரு மாத்திரை கொடுத்து அடுத்த கம்ப்யூட்டரைக் காட்டினார்கள். வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது நோய் முற்றிவிட்டிருந்தது. சாவு வீட்டில், "நல்லாத்தானே இருந்துச்சி" என்கிறார்கள். இல்லை, நன்றாக இல்லை. நம் எல்லோரையும் அவள் கேட்ட கேள்வியை அவளிடம் கேட்க இந்த ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

புது ஆளை வைத்துக் கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடப்போகிறாராம் குமரேசன். நான் வேண்டாமென்று சண்டை போட்ட அந்தப் பழைய கோப்பில் கை வைக்க இப்போது நானே விடமாட்டேன். அது என்னிடம் இருக்கும். அவள் கேள்வியும் இருக்கும்.

நேற்று முருகேசன் தறியிலிருந்து எழும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா மாறிச்சி, முருகேசா?"

"ஒன்னுமில்லணா."

நான் அங்கிருந்து நகரவில்லை.